பேர் வைக்காத சீக்கு

தனபால்: ...அதுக்குன்னு சம்பந்தியவே உதைக்கறதுங்களா? கல்யாணம் முடியற வரைக்குமாச்சும் பொறுத்திருக்கலாமுங்க.

லிங்கசாமி: நானுங்களா? உங்களயா உதைச்சேன்?

தனபால்: பின்ன, உடுமலை மண்டபத்துல என்ற பக்கத்துல வேற யாருங்க படுத்திருந்தது? பாருங்க, முழங்காலுக்குக் கீழ எப்படி வீங்கிக் கெடக்குதுன்னு. பழனிக்கு நடந்து கால் வீங்குனவன் ஆயிரம் பேரு இருப்பான். பொண்ணூட்டு அப்பன் உதைச்சு வீங்குனவன் நான் ஒருத்தன் தான்.

லிங்கசாமி: மன்னிச்சுக்கோங்க சம்பந்தி... கனவுங்க. நாயி ஒண்ணு தொரத்துச்சு. கன்னங்கரேல்னு...

தனபால்: அந்த நாயி நானுங்களா?

லிங்கசாமி: ஐயோ, இல்லீங்க...

தனபால்: சும்மா சொன்னேன், வெசனப்படாதீங்க. ஆனா சத்தம் போட்டீங்க பாருங்க. 'அக்கட்டால போடா'ன்னு. மண்டபத்துல பாதிப்பேரு எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. அதுல பாதிச் சத்தத்துல பகல்ல பேசுனீங்கன்னா எனக்குச் சவுரியமா இருக்கும்.

லிங்கசாமி: சத்தமாத்தானுங்க பேசறேன்.

தனபால்: என்னுங்க?

லிங்கசாமி: சத்தமாத்தான் பேசறேன்னு சொன்னனுங்க.

தனபால்: ம்... இந்தக் கனவு அடிக்கடி வருதுங்களா?

லிங்கசாமி: எப்பவாச்சும் தானுங்க. திருப்பூர்லருந்து ரெண்டு நாளா நடக்கறோம், அசதி...

தனபால்: அசதிங்கறீங்க. உங்க மக மது எங்க பையன் அருளுகிட்ட சொல்லிச் சிரிச்சுதாம். 'அப்பா கட்டில்ல கையக் கால வீசறாரு, அம்மா ஒரு வருஷமா கீழ பாய் போட்டுப் படுக்கறாங்க'ன்னு.

லிங்கசாமி: இந்தப் புள்ளைக்கு வாய் அடங்காதுங்க... அதெல்லாம் விளையாட்டுக்குச் சொல்லியிருக்கும். நாள் பூராவும் கட்டிங் டேபிள்ல நிக்கறவனுக்கு ராத்திரி கால் ஒரு எடத்துல நிக்குமுங்களா?

தனபால்: அதுஞ் சரி தான். கட்டிங் மாஸ்டர் பொழப்பு லேசுங்களா... நீங்க முன்னால போங்க, ரோட்டோரம் ஒடுக்கமா இருக்குது. நான் பின்னால வர்றேன்.

லிங்கசாமி: உதைக்குப் பயந்துங்களா?

தனபால்: ஆமாங்க. பின்னால வந்தா எட்டாதில்லீங்க. போங்க, போங்க.

லிங்கசாமி: கரண்ட் எடுக்கற காத்தாடியெல்லாம் நின்னு கெடக்குது பாத்தீங்களா? ஆடிக் காத்து வந்தாத்தான் இனி சுத்தும்.

தனபால்: ம்.

லிங்கசாமி: மடத்துக்குளம் தாண்டுனா பந்தல் ஒண்ணு இருக்குதாம். காத்தால சாப்பாடு அங்க தானாம்.

தனபால்: ம்... எடது கைக்கு என்னங்க?

லிங்கசாமி: ...எந்தக் கை?

தனபால்: எடது கை. வலது கைய நல்லா வீசி நடக்கறீங்க. எடது கை ஒடம்போட ஒட்டிட்டு வருது, வீசவே மாட்டீங்குது.

லிங்கசாமி: தோளுங்க. ஆறு மாசமா இறுகிப்போச்சு. எலும்பு டாக்டர்கிட்ட காட்டி ஊசி போட்டு, கரண்ட் வெச்சு... 'கட்டிங் மாஸ்டருக்கெல்லாம் வர்றது தான்'னு சொல்லிப்போட்டாரு.

தனபால்: ஊசிக்குச் சரியாச்சுங்களா?

லிங்கசாமி: ஆயிருமுங்க.

தனபால்: ஆச்சுங்களான்னு கேட்டேன்.

லிங்கசாமி: ...ஆயிருமுங்க.

தனபால்: கால் கட்டைவிரல்ல ரத்தம் வருதே, அது எப்படிங்க?

லிங்கசாமி: கல்லு தடுக்குச்சுங்க. செருப்பில்லாம நடந்தா தடுக்கத்தான் செய்யும்.

தனபால்: எனக்குந்தான் செருப்பில்ல. காத்தாலருந்து உங்களுக்கு நாலு கல்லு தடுக்கீருச்சு, நாலும் எடது காலுக்கே வருது. அந்தக் கால நீங்க தூக்கி வெக்கறதில்லீங்க சம்பந்தி, இழுத்துட்டு வர்றீங்க.

லிங்கசாமி: பின்னால வர்றேன்னு சொல்லிப்போட்டு என்ற காலயே பாத்துட்டு வர்றீங்களாக்கும்.

தனபால்: வேற என்னத்தப் பாக்கறதுங்க, மாடு மாதிரி முன்னால போறவர் காலத்தான் பாக்க முடியும்.

லிங்கசாமி: நல்லாக் கேட்டீங்க... தா, பந்தல் வந்துருச்சு. உக்காரலாங்க.

*

தனபால்: பொங்கலு எப்படிங்க இருக்குது?

லிங்கசாமி: நல்லா சூடா இருக்குது. பசிக்கு அமிர்தமாட்டம் இருக்குதுங்க.

தனபால்: இன்னொரு கரண்டி வெக்கச் சொல்லட்டுங்களா?

லிங்கசாமி: வெக்கச் சொல்லுங்க. ஏனுங்க, நீங்க சாப்பிடலீங்களா?

தனபால்: சுத்தியும் பாருங்க. யாராச்சும் சாப்பிடறாங்களான்னு.

லிங்கசாமி: ...எல்லாரும் எலைய மூடிட்டாங்களே. ஏனுங்க?

தனபால்: பொங்கலு அடிபுடிச்சுக் கருகிப்போச்சுங்க. ரோட்டுக்கே வாசம் அடிக்குது. பந்தல்காரரு கையெடுத்துக் கும்பிட்டுப்போட்டு, இட்லி வருது, சித்த இருங்கன்னு சொல்லிட்டுப் போறாரு.

லிங்கசாமி: ...எனக்குக் கொஞ்சம் ஜலதோசமுங்க. மூக்கடைப்பு.

தனபால்: எத்தன நாளாங்க?

லிங்கசாமி: அது... ஒரு ரெண்டு வருசமா இருக்கும்.

தனபால்: ரெண்டு வருசமா ஜலதோசமுங்களா?

லிங்கசாமி: தூசி தானுங்க. கம்பெனில பஞ்சு பறக்குது...

தனபால்: புதுத் துணி ரோலப் பிரிச்சா சாய வாசம் குப்புனு அடிக்குமே, அதுவுமா தெரியறதில்ல?

லிங்கசாமி: அந்த நாத்தம் தெரியாம இருக்கறது நல்லதுக்குத்தானுங்களே.

தனபால்: அப்படிப் பாத்தா நல்லது தான். மல்லிப்பூ?

லிங்கசாமி: மல்லிப்பூ வாசம் புடிக்கற வயசுங்களா எனக்கு... ஏனுங்க இப்படி நோண்டி நோண்டிக் கேக்கறீங்க?

தனபால்: சும்மா பேச்சுக்குத்தானுங்க. சிரிச்சுட்டே நடந்தா தூரம் தெரியாதில்லீங்க. நிச்சயத்துல கூட எங்காளுக உங்கள வெச்சுத்தான் சிரிச்சாங்க.

லிங்கசாமி: என்னைய வெச்சா?

தனபால்: எல்லாரும் வெள்ளச் சட்டையில வந்தாங்க. பொண்ணோட அப்பா மட்டும் ரவுண்ட் நெக் டி-சர்ட்ல நின்னீங்க. என்ற மச்சான் கேக்கறான், 'சம்பந்தி எக்ஸ்போர்ட் சாம்பிள் போட்டுட்டு வந்துட்டாராட்டம் இருக்குது'ன்னு.

லிங்கசாமி: திருப்பூர்க்காரன் பனியன் போடாம வேற யாருங்க போடறது...

தனபால்: பட்டன் போடறது கஷ்டமா இருக்குதுங்களா?

லிங்கசாமி: இட்லி இன்னும் வர்லீங்களே.

தனபால்: பத்திரிகையில போடறதுக்கு உங்க பங்காளிக பேரெல்லாம் எடது கையால எழுதிக் குடுத்தீங்க. மொதப் பேரு நல்லா முத்து முத்தா இருக்குது. போகப் போகச் சின்னதாகி, கடைசிப் பேரு எறும்பு ஊர்றாப்ல. அச்சாபீஸ்காரன் லென்ஸ் வெச்சுப் பாத்துப்போட்டு எனக்குப் போன் பண்றான்.

லிங்கசாமி: அவசரத்துல எழுதுனதுங்க...

தனபால்: சம்பந்தி, அந்தக் கைய எதுக்குங்க தொடைக்கடியில வெச்சு அமுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?

லிங்கசாமி: ...சித்த இருங்க. பந்தலுக்குப் பின்னால போயிட்டு வந்தர்றேன்.

*

லிங்கசாமி: புள்ள... ஏம்புள்ள, கேக்குதா?

ராமாத்தாள்: கெணத்துக்குள்ளருந்து பேசறாப்ல இருக்குது. போன வாய்கிட்ட வெச்சுப் பேசுங்க. சாப்பிட்டீங்களா?

லிங்கசாமி: சாப்பிட்டேன், அது தான் வெனையாப் போச்சு. அவரு கண்டுபுடிச்சுட்டாரு புள்ள.

ராமாத்தாள்: யாரு?

லிங்கசாமி: சம்பந்தி தான். தூக்கத்துல உதைக்கறது, கை வீசாதது, மூக்கு வாசம், எழுத்து, சட்டைப் பட்டன்... ஒண்ணு விடாமக் கேக்கறாரு. வக்கீலு கேக்கறாப்ல இருக்குது.

ராமாத்தாள்: நீங்க எதுக்கு அவரோட நடக்கப் போனீங்க? படிச்சுப் படிச்சுச் சொன்னனே...

லிங்கசாமி: அவரு தான கூப்புட்டாரு. மொதப் பத்திரிகைய முருகன் பாதத்துல வெக்கோணும், ரெண்டு அப்பனுஞ் சேந்து நடந்தே போலாமுன்னாரு. வர்லீன்னு சொன்னா அதுக்கும் ஒண்ணு நெனைப்பாங்க.

ராமாத்தாள்: கூப்புட்டதே இதுக்குத்தான். எனக்கு நிச்சயத்தன்னைக்கே தெரியும். சம்பந்தியம்மா மொகத்தப் பாத்தீங்கல்ல? மது காப்பி கொண்டு போயிக் குடுக்குது, ஒரு சிரிப்பு வரோணுமே. கல்லாட்டம் உக்காந்திருந்துச்சு. புடிக்கல போலன்னு மறுநாளே நான் பட்டுச்சேலை எடுத்துட்டுப் போயிக் கையில குடுத்தேன். அப்பவும் அதே மொகந்தான். நிறுத்தறதுக்கு ஒரு சாக்குத் தேடிட்டு இருந்தாங்க, நீங்க நடந்து போயிக் குடுத்திருக்கீங்க.

லிங்கசாமி: அப்பவே டாக்டர்கிட்ட போயிருக்கோணும் புள்ள.

ராமாத்தாள்: போனா? அவரு ஒரு பேரு சொல்லுவாரு. பேரு தெரிஞ்சுபோட்டுச் சொல்லாம விட்டா அது ஏமாத்து, தெரியாத வரைக்கும் நாம யாருக்கும் பொய் சொல்லலன்னு நீங்க தான சொன்னீங்க? மாசி இருவத்தஞ்சு கல்யாணம், இருவத்தாறு காத்தால ஆஸ்பத்திரின்னு.

லிங்கசாமி: நாந்தான் சொன்னேன். இல்லீன்னு சொல்லல.

ராமாத்தாள்: காங்கேயத்து எடம் பேசி முடிச்சு நின்னுபோன அன்னிக்கு அந்தப் புள்ள எப்படி அழுதுச்சுன்னு மறந்துபோச்சுங்களா? இதும் நின்னா 'அப்பனுக்குச் சீக்கு, புள்ளைக்கும் வரும்'னு ஊரே பேசும். அப்பறம் யாரு வருவாங்க...

லிங்கசாமி: அழுவாத புள்ள.

ராமாத்தாள்: இன்னும் ஒரு மாசந்தானுங்க. தோளுன்னு சொல்லுங்க. அசதின்னு சொல்லுங்க.

லிங்கசாமி: எல்லாஞ் சொல்லிப்போட்டேன். சும்மா உக்காந்தா கைக் கட்டைவிரல் தன்னால ஆடுதே, அத என்னன்னு சொல்லட்டும்?

ராமாத்தாள்: ...பாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கோங்க.

லிங்கசாமி: வேட்டில பாக்கெட்டுக்கு எங்க போறது. போன வெச்சுர்றேன் புள்ள. அவரு இங்க தான் பாத்துட்டு இருக்கறாரு.

*

தனபால்: ஊட்டுல என்ன சொல்றாங்க?

லிங்கசாமி: சாப்பிட்டீங்களான்னு கேட்டா.

தனபால்: இட்லி வந்துருச்சு, உக்காருங்க... எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க இருக்காங்க சம்பந்தி. அவங்களுக்கும் மொதல்ல மூக்குத்தான் போச்சு.

லிங்கசாமி: சம்பந்தி.

தனபால்: சொல்லுங்க.

லிங்கசாமி: சுத்தி வளைக்க வேண்டாமுங்க. நேராவே கேட்டுருங்க.

தனபால்: நேராக் கேட்டா நீங்க தோளும்பீங்க.

லிங்கசாமி: இல்லீங்க. இனிச் சொல்ல மாட்டேன். பாருங்க... இது தான் அந்தக் கை. அமுக்காம விட்டா இப்படித்தான் ஆடும். எதையாச்சும் புடிச்சா நிக்குது, விட்டா ஆடுது. நாலு மாசமா இப்படி. என்ன சீக்குன்னு எனக்குச் சத்தியமாத் தெரியாதுங்க. தெரிஞ்சுக்கப் பயந்துட்டுப் போகல.

தனபால்: கம்பெனில தெரியுமுங்களா?

லிங்கசாமி: துணில மார்க்கிங் மட்டும் போட்டுக் குடுத்துப்போட்டுத் தள்ளி நின்னுக்கறேன். கட்டிங் மெசினத் தொட்டு மூணு மாசமாச்சு. மொதலாளி, எனக்கு வயசாயி மெதப்பு வந்துருச்சுன்னு நெனச்சுட்டிருக்கறாரு. முப்பது வருசமா ஒரு அடுக்குத் துணியும் கோணலா வெட்டாத கை இது. இப்ப ஒரு பட்டன் போட மாட்டீங்குது. குளிச்சுப்போட்டுச் சட்டையோட நின்னுட்டு அழுதிருக்கறேனுங்க... போதுங்களா?

தனபால்: சம்பந்தி...

லிங்கசாமி: சொல்லி முடிச்சர்றேன். மறைச்சது தப்புத்தான். கல்யாணம் முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாமுன்னு நாந்தான் சொன்னேன், என்ற ஊட்டுக்காரி மேல தப்பில்ல. மதுக்கு ஒண்ணுமே தெரியாது, அப்பனுக்குத் தோள் வலின்னு தான் நெனச்சுட்டு இருக்குது. நீங்க நிறுத்தறதுன்னா நிறுத்திக்கோங்க. ஆனா என்ற மேல சொல்லி நிறுத்துங்க. புள்ள மேல ஒரு சொல்லு வரக்கூடாதுங்க. அது தாங்காது.

தனபால்: அந்த ஒருத்தங்களப் பத்திச் சொல்லிக்கட்டுங்களா?

லிங்கசாமி: ...சொல்லுங்க.

தனபால்: அவங்களுக்கு மூக்கு வாசம் போன சமயத்துல ரசம் ஒரு நா கருகிப்போச்சு. ஊட்டுக்காரன் தட்டத் தள்ளிவுட்டுட்டு எந்திரிச்சுப் போனான். 'எங்க வெச்சிருக்கற நெனப்ப'ன்னு கேட்டான்.

லிங்கசாமி: ம்.

தனபால்: அப்பறம் நடை மெதுவாச்சு. கூட நடந்து வரமாட்டா, பத்தடி பின்னால வருவா. வேணும்னே பண்றான்னு அவன் திரும்பியே பாக்காமப் போவான். கோயில்ல, கல்யாண மண்டபத்துல, எல்லா எடத்துலயும். பேச்சுச் சத்தம் கொறஞ்சுது. 'வாயில என்ன கொழுக்கட்டையா'ன்னு நாலு பேரு முன்னால கேட்டான்.

லிங்கசாமி: ஏனுங்க, கண்ணு இல்லீங்களா அவனுக்கு?

தனபால்: இருந்துச்சுங்க. ஆனா பாக்கல. கோலம் சின்னதாச்சு, எழுத்து சின்னதாச்சு, சேலைக் கொசுவம் புடிக்க அரை மணி நேரமாச்சு. ரெண்டு வருசம் அவன் கண்ணு முன்னால தான் எல்லாம் நடந்துச்சு. கடைசில தங்கச்சி புருசன் ஒருத்தன் வந்து பாத்துப்போட்டு, 'இவங்கள ஒரு நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க'ன்னு சொன்னான். அதுக்கும் அவன் சண்டைக்குப் போனான்.

லிங்கசாமி: அப்பறம்?

தனபால்: அப்பறம் கோயமுத்தூர்ல காட்டுனாங்க. டாக்டர் நடக்கச் சொன்னாரு, வெரலத் தட்டச் சொன்னாரு, எழுதச் சொன்னாரு. பார்க்கின்சன்னு ஒரு பேரு சொன்னாரு. மூளைல ஒரு சத்து கொறஞ்சுபோகுதாம், அதுக்கு மாத்திரை இருக்குதாம். எல்லாத் தோளு வலியும் இதில்ல, எல்லா மூக்கடைப்பும் இதில்ல, பாத்துத்தான் சொல்ல முடியும்னாரு. உங்களுக்கும் இது தான்னு நான் சொல்ல வர்லீங்க. ஆனா பாக்கோணும்.

லிங்கசாமி: புள்ளைகளுக்கு வருமுங்களா?

தனபால்: அது தான் அவனும் மொதக் கேள்வியாக் கேட்டான். பெரும்பாலும் அப்படி வர்றதில்லீன்னாரு.

லிங்கசாமி: ...ராமாத்தா இதக் கேட்டா ஒரு வாய் சோறு நிம்மதியாத் தின்பா. இப்ப எப்படி இருக்காங்க அவங்க?

தனபால்: மாத்திரையில நல்லாருக்காங்க. வேலைக்குப் போறாங்க, கொஞ்சம் மெதுவு, அவ்வளவு தான். ரெண்டு வருசம் முன்னாடியே காட்டியிருந்தா ரெண்டு வருசம் திட்டு வாங்காம இருந்திருப்பாங்க.

லிங்கசாமி: கேக்கறதுக்கே வயித்தெரிச்சலா இருக்குதுங்க. சீக்கு வர்றது யாரு கையிலயும் இல்ல. ஆனா கூடவே படுத்து எந்திரிக்கறவன், கட்டுனவ ஏன் இப்படி ஆயிட்டான்னு ஒரு வார்த்த கேக்கமாட்டானுங்களா? யாருங்க அந்தப் பாவி?

தனபால்: ...நாந்தானுங்க. அந்தம்மா என்ற அமராவதி தான், மாத்திரை சாப்பிட ஆரமிச்சு மூணு வருசமாச்சு. பையனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு நாங்களும் உங்ககிட்ட மறைச்சுத்தான் தட்டு மாத்துனோம். உங்க மக காப்பி குடுத்தப்ப நல்லாச் சிரிச்சேன்னு தான் இன்னிக்கும் சொல்றா, இந்தச் சீக்குல மொகம் இறுகிப்போயிச் சிரிப்பு வெளிய தெரியறதில்லீங்க. எப்படியும் பழனி போறதுக்குள்ள சொல்லிரோணும்னு தான் உங்களக் கூட்டிட்டு வந்தேன், சொல்ல வாய் வராம உங்கள நோண்டிட்டே முக்காவாசித் தூரம் வந்துட்டேன். திங்கக்கெழம அவளக் கோயமுத்தூர் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகோணும், காத்தால ஆறு மணிக்குக் காரு திருப்பூர்ல உங்க ஊட்டு வாசலுக்கு வந்துரும்... நீங்களும் உங்க ஊட்டம்மாவும் வாங்க சம்பந்தி.